ஜான் மக்லெண்டன்: எண்ணப்படாத ஆட்டங்கள்

1944ஆம் ஆண்டு மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்னும் புகையிலை நகரம். ஊரில் பெரும்பாலோர் தேவாலயங்களில் இருந்த முற்பகல் வேளையில், இரவல் வாங்கிய கார்களில் சில வெள்ளை இளைஞர்கள் சுற்றுவழியாக நகரின் மறுபக்கத்துக்குப் போனார்கள். அங்கிருந்த ஒரு சிறிய கல்லூரியின் விளையாட்டுக்கூடத்தை நெருங்கியதும் மேலங்கிகளைத் தலைக்குமேல் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே விரைந்தார்கள். அவர்கள் போனபின் கதவு தாழிடப்பட்டது.

அவர்கள் டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி மாணவர்கள். பலர் வேறு கல்லூரிகளில் பெயர்பெற்ற கூடைப்பந்து ஆட்டக்காரர்களாக இருந்துவிட்டுப் போர்க்காலத்தில் இங்கே மருத்துவம் படிக்க வந்தவர்கள். உள்ளே அவர்களுக்காகக் காத்திருந்தது நீக்ரோக்களுக்கான வட கரோலினா கல்லூரியின் அணி. கல்லூரியின் அன்றைய பெயரே அதுதான். அந்தப் பருவத்தில் அவ்வணி ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டுமே தோற்றிருந்தது. பயிற்சியாளர் ஜான் மக்லெண்டனுக்கு வயது இருபத்தெட்டு.

நடுவர் இருந்தார், கடிகாரம் இருந்தது, பார்வையாளர்கள் இல்லை. கதவு தாழிட்டிருப்பதைக் கண்டு ஐயுற்ற சில மாணவர்கள் சன்னல்களில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை. தொடக்கத்தில் இரு தரப்பினருக்கும் கை நடுங்கியது. வெள்ளையரை இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அறியாத இளைஞர்கள் ஒருபுறம். கருப்பினத்தவரோடு அதுவரை ஒரே களத்தில் நின்றிராதவர்கள் மறுபுறம். சற்று நேரத்தில் நடுக்கம் விலகியது. ஆட்டம் முடிந்தபோது மக்லெண்டனின் அணி 88, டியூக் அணி 44.

இந்த 88 எவ்வளவு பெரிய எண் என்பதை இன்றைய வாசகர் எளிதில் உணர இயலாது. அதே மாதக் கடைசியில் நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய இறுதியாட்டத்தில் யூட்டா பல்கலைக்கழகம் டார்ட்மத் கல்லூரியைக் கூடுதல் நேரத்துக்குப் பிறகு 42க்கு 40 என்ற கணக்கில் வென்றது. நாட்டின் தலைசிறந்த இரு அணிகளும் சேர்ந்து எடுத்தவை 82 புள்ளிகள். டர்ஹமில், பூட்டிய கூடத்துக்குள், தேசியப் போட்டிகளுக்கு அழைக்கப்படவே தகுதியற்றதாகக் கருதப்பட்ட ஓர் அணி தனியாக எடுத்தவை 88.

மக்லெண்டனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்தக் காலையின் துணிச்சலைப் பற்றியே எழுதுகிறார்கள். அது நியாயமானதும்கூட. ஆனால் எனக்கு அந்த எண்தான் அதிகம் உறுத்துகிறது. அது எங்கிருந்து வந்தது?

*

மக்லெண்டன் 1915இல் கான்சஸ் மாநிலத்தின் ஹயவாதா என்ற ஊரில் பிறந்து கான்சஸ் நகரில் வளர்ந்தார். 1933இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். கூடைப்பந்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் அப்போது அங்கே பேராசிரியராக இருந்தார். இந்த மனிதரிடம் போய் நீங்கள்தான் என் வழிகாட்டி என்று சொல் என்று தந்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். மகன் அப்படியே போய்ச் சொல்ல, முதியவரும் ஏற்றுக்கொண்டார்.

விந்தையான இணை இது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடம் நேரில் பயின்ற மாணவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியில் ஆட அனுமதிக்கப்படவில்லை. கருப்பினத்தவருக்கு அணியில் இடமில்லை. நைஸ்மித்தோ, கூடைப்பந்து ஆடுவதற்குரியதே தவிரப் பயிற்றுவிப்பதற்குரியது அல்ல என்று எண்ணியவர். கான்சஸின் நீண்ட வரலாற்றில் வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே பயிற்சியாளர் அவர்தான். அவரிடமிருந்து மக்லெண்டன் எடுத்துக்கொண்டது உத்திகளை அல்ல என்று நினைக்கிறேன். பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்டம் என்ற ஒரு பார்வையை எடுத்துக்கொண்டார். அக்கால அணிகள் பந்தை இழந்ததும் தம் கூடைக்கருகே திரும்பிப்போய் நின்று காத்திருக்கும். ஏன் காத்திருக்க வேண்டும்? எதிரியின் கூடைக்கு அருகிலேயே பந்தைப் பறிக்கத் தொடங்கினால் என்ன? முழுக்களத்திலும் எதிரியை நெருக்கும் ஆட்டமுறைக்கு மக்லெண்டன் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கான்சஸில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அவருடைய மனம் வேலைசெய்த விதம் அதில் தெரிகிறது. உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் கட்டாயம். ஆனால் கருப்பின மாணவர்களைக் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். இறங்காமலேயே மதிப்பெண் போட்டுவிடுவார்கள். மக்லெண்டன் அந்த மதிப்பெண்ணை மறுத்துக் குளத்தில் இறங்கினார். அவர் கரையேறியபின் குளத்து நீர் வடிக்கப்பட்டது. அவர் விடவில்லை. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: இரண்டு வாரங்களுக்குக் குளம் எல்லோருக்கும் திறந்திருக்கும், அசம்பாவிதம் எதுவும் நேராவிட்டால் பிறகும் திறந்தே இருக்கும். உடனே மக்லெண்டன் மற்ற கருப்பின மாணவர்களைச் சந்தித்து, இந்த இரண்டு வாரமும் யாரும் குளத்துப்பக்கமே போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். யாரும் போகவில்லை. அசம்பாவிதமும் நேரவில்லை. குளம் திறந்தது.

முழக்கமில்லை, ஊர்வலமில்லை. எதிராளி ஏற்றுக்கொண்ட விதியை வைத்தே எதிராளியை வெல்வது. களத்திலும் களத்துக்கு வெளியிலும் அவர் பிறகு செய்த பலவற்றில் இந்தக் குளத்தின் சாயலை நான் காண்கிறேன்.

1936இல் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவர் அவரே. அயோவாவில் முதுகலை முடித்து, 1937இல் துணைப் பயிற்சியாளராக டர்ஹம் வந்தார். 1940இல் தலைமைப் பயிற்சியாளரானார்.

*

அவர் டர்ஹமுக்கு வந்த அதே 1937ஆம் ஆண்டில் கூடைப்பந்தின் விதி ஒன்று மாறியது. அதுவரை ஒவ்வொரு முறை கூடை விழுந்ததும் பந்தைக் களத்தின் நடுவே கொண்டுவந்து, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் நின்று, நடுவர் மேலே எறிய, எம்பித் தட்டவேண்டும். ஆட்டம் அடிக்கடி நின்று நின்று நகரும். 1937-38 பருவத்திலிருந்து அந்த வழக்கம் போயிற்று. கூடை விழுந்த மறுகணமே புள்ளியைப் பறிகொடுத்த அணி பந்தை எடுத்து ஆடத் தொடங்கலாம். விதி மாறினாலும் மனம் உடனே மாறுவதில்லை. பெரும்பாலான அணிகள் பழைய நிதானத்திலேயே ஆடிக்கொண்டிருந்தன. புதிய விதி திறந்துவிட்ட அந்தச் சில நொடிகளை முழுமையாகப் பயன்படுத்த முனைந்தவர்கள் மிகச்சிலர். மக்லெண்டன் மட்டும்தான் என்று சொன்னால் மிகை. பர்டூவில் வார்ட் லாம்பர்ட்டும் ரோட் ஐலண்டில் ஃபிராங்க் கீனியும் அதே காலத்தில் வேக ஆட்டத்தை வளர்த்தவர்கள்தாம்.

ஃபாஸ்ட் பிரேக் எனப்படும் விரைவுப் பாய்ச்சலை வெறும் ஓட்டம் என்று நினைப்போர் உண்டு. தவறு. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தவர் அதைத் தட்டிக்கொண்டு நிற்காமல் உடனே பக்கவாட்டில் எறிய வேண்டும். அதை வாங்குபவர் நடுவே வர, இருவர் இரு ஓரங்களிலும் ஓட வேண்டும். எதிரணியில் இருவர் மட்டுமே திரும்பியிருக்கும் நொடியில் மூவர் கூடையை நெருங்கிவிட வேண்டும். பின்னால் வரும் இருவரும் எங்கே நிற்பது என்பதும் முன்பே தீர்மானமாகியிருக்கும். இது எண்ணிக்கையின் கணிதம். ஓர் ஆட்டம் முழுவதும் இதைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு உடல் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே மக்லெண்டனின் அணி பருவம் தொடங்குமுன்பே மைல் கணக்கில் ஓடிப் பழகியது. அவர் உடலியல் படித்தவர். களைப்பு எப்போது வரும், எதிராளிக்கு அது எப்போது முதலில் வரும் என்று கணக்கிட்டு ஆடவைத்தவர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கருப்பின ஆட்டக்காரர்களின் வேகத்தை அன்றைய பத்திரிகைகள் பிறவிக்குணம் என்றே எழுதின. வெள்ளை அணி வென்றால் உத்தி. கருப்பு அணி வென்றால் இயற்கை. தன் அணியின் வேகம் யோசித்துச் செய்யப்பட்டது, கற்பிக்கப்பட்டது, கற்றுக்கொள்ளப்பட்டது என்பதே மக்லெண்டனின் வாழ்நாள் வாதம் என்று சொல்லலாம். 1965இல் விரைவுப் பாய்ச்சல் பற்றி ஒரு நூலும் எழுதினார். எதிரணியை இழுத்தடிக்கப் பந்தைக் களத்தின் நான்கு மூலைகளுக்கும் சுற்றவிடும் உத்தி பிற்காலத்தில் டீன் ஸ்மித்தின் வட கரோலினா அணியால் புகழ்பெற்றது. அதன் மூலவடிவம் மக்லெண்டனிடம் இருந்தது. வேகத்துக்குப் பேர்போனவர் நிதானத்தின் உத்தியையும் யோசித்து வைத்திருந்தார் என்பது கவனத்துக்குரியது.

*

அந்த ஞாயிறு ஆட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கலந்து, ஒரு தரப்பு சட்டையோடும் மறுதரப்பு சட்டையில்லாமலும், இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். பிறகு விடுதியில் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, விருந்தினர் வந்தவழியே சென்றார்கள். விவரமறிந்த உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரும் எழுதாமல் அடக்கிக்கொண்டார்.

அடக்கியதற்குக் காரணம் இருந்தது. நான்கே மாதங்கள் கழித்து, ஜூலை 8 அன்று, அதே டர்ஹமில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கருப்பின இராணுவ வீரர் பேருந்தில் பின்னிருக்கைக்குப் போகச் சொன்னதை ஆட்சேபித்தார். இறங்கியபின் ஓட்டுநரால் சுடப்பட்டு இறந்தார். ஓட்டுநரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி. மக்லெண்டனின் கல்லூரியோ அரசு நிதியில் இயங்கியது. செய்தி கசிந்திருந்தால் என்னென்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே அவருடைய மிகச்சிறந்த ஆட்டங்களுள் ஒன்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறியவற்றையும் வெளியுலகம் பார்க்கவில்லை. கருப்பினத்தவர் கல்லூரிகள் தமக்குள் ஆடின. அவற்றின் கூட்டமைப்பான சி.ஐ.ஏ.ஏ.வுக்கு ஒரு வாகையர் போட்டி வேண்டும் என்று முனைந்தவர்களுள் மக்லெண்டனும் ஒருவர். 1946இல் வாஷிங்டனில், மல்யுத்தமும் குத்துச்சண்டையும் நடக்கும் டர்னர்ஸ் அரீனா என்ற கொட்டகையில் முதல் போட்டி நடந்தது. மும்முறை கூடுதல் நேரம் சென்ற இறுதியாட்டத்தில் அவர் அணி வெர்ஜீனியா யூனியனை 64க்கு 56 என்று வென்றது. அந்தப் போட்டி இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

*

1952இல் ஹாம்ப்டன், 1954இல் நாஷ்வில்லில் உள்ள டென்னசி ஏ அண்டு ஐ பல்கலைக்கழகம். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் அவருடைய பொற்காலம் என்று குறிப்பது இந்த நாஷ்வில் ஆண்டுகளைத்தான்.

சிறு கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. அமைப்பின் தேசியப் போட்டி கான்சஸ் நகரில் நடக்கும். முப்பத்திரண்டு அணிகள், ஒரே வாரம். பட்டம் வெல்ல ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து வெல்லவேண்டும். அந்தப் போட்டி தொடங்கத் துணைநின்றவர்களுள் முதிய நைஸ்மித்தும் ஒருவர். ஆனால் 1948வரை அதில் கருப்பின வீரர்கள் ஆட முடியாது. அவ்விதி மாறியதற்கு இண்டியானா ஸ்டேட் அணியும் அதன் பயிற்சியாளர் ஜான் வூடனும் காரணம். தன் அணியின் ஒரே கருப்பின வீரருக்கு இடமில்லை என்பதால் 1947இல் வூடன் அழைப்பையே ஏற்கவில்லை. கருப்பினத்தவர் கல்லூரிகளுக்கு வழி திறக்க மேலும் ஐந்தாண்டுகள் ஆயின.

1954 டிசம்பரில் அந்த அமைப்பின் பருவத்தொடக்கப் போட்டிக்கு மக்லெண்டனின் அணி அழைக்கப்பட்டது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார். மற்ற அணிகள் தங்கும் நகரமையத்து விடுதிகளில் எங்களுக்கும் அறை வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டோம். அமைப்பாளர்கள் இணங்கினார்கள். தான் வளர்ந்த நகரத்தின் விடுதி வாசலை மக்லெண்டன் முதன்முதலில் தாண்டியது இப்படித்தான். போட்டியையும் வென்று திரும்பினார்.

பிறகு 1957. இறுதியாட்டத்தில் சவுத்ஈஸ்டர்ன் ஓக்லஹோமா அணியை 92க்கு 73 என்று வென்றார்கள். எல்லா இனத்தவரும் பங்கேற்ற ஒரு தேசியப் போட்டியில் கருப்பினத்தவர் கல்லூரி ஒன்று பட்டம் வென்றது அதுவே முதல்முறை. 1958இல், அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்றிராத வெஸ்டர்ன் இல்லினாய் அணியை 85க்கு 73. 1959இல் பசிபிக் லூத்தரன் அணியை 97க்கு 87. ஆண்டுக்கு ஐந்தாக மூன்றாண்டுகளில் தொடர்ச்சியாகப் பதினைந்து வெற்றிகள். கல்லூரிக் கூடைப்பந்தில் தேசியப் பட்டத்தை மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்ற முதல் பயிற்சியாளர் மக்லெண்டன். வாரத்தில் ஐந்து ஆட்டங்கள் ஆடவேண்டிய போட்டியில், மைல் கணக்கில் ஓடிப் பழகிய அணி கடைசி நாளிலும் ஓடியதில் வியப்பில்லை. அவ்வணியின் நட்சத்திரம் டிக் பார்னெட், இண்டியானாவின் கேரி நகரத்து இளைஞர். 1958, 1959 போட்டிகளின் சிறந்த வீரர். இடக்கையால் பின்னோக்கிச் சாய்ந்து பந்தை எறியும் அவருடைய பாணி பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் அணியில் பெரும்புகழ் பெற்றது.

 மூன்றாம் பட்டம் வென்று ஓராண்டுகூட முடியாத 1960 பிப்ரவரியில் நாஷ்வில்லின் கருப்பின மாணவர்கள் கடைகளின் உணவு மேசைகளில் அமர்ந்து மறியல் செய்யவேண்டியிருந்தது. ஒரு கோப்பை காபிக்காக.

*

வெள்ளை மாணவர் பெரும்பான்மையாக இருந்த எந்தப் பல்கலைக்கழகமும் 1966வரை ஒரு கருப்பினத்தவரைக் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தவில்லை. முதலில் அமர்த்தியது கிளீவ்லண்ட் ஸ்டேட், அமர்த்தப்பட்டவர் மக்லெண்டன். அப்போது அவருக்கு வயது 51. இடையே கிளீவ்லண்ட் பைப்பர்ஸ் என்ற அணிக்குப் பயிற்சியளித்து 1961இல் அமெச்சூர் தேசியப் பட்டம் வென்றார். அவ்வணி தொழில்முறை லீகில் சேர்ந்தபின் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னருடன் ஒத்துப்போக முடியாமல் பருவத்தின் நடுவிலேயே விலகினார். கென்டக்கி ஸ்டேட் கல்லூரியில் சில ஆண்டுகள். இவற்றை விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. கிளீவ்லண்ட் ஸ்டேட்டில் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சின. 1969இல் டென்வர் ராக்கெட்ஸ் தொழில்முறை அணியில் 28 ஆட்டங்கள்; ஒன்பதில் மட்டுமே வெற்றி; வேலை போயிற்று. கதவுகள் திறக்கும்போது அவருடைய சிறந்த ஆண்டுகள் பின்னால் போய்விட்டிருந்தன.

1966 என்றதும் அமெரிக்கர் நினைவில் எழுவது வேறொரு நிகழ்வு. அவ்வாண்டு மார்ச்சில் டெக்சஸ் வெஸ்டர்ன் அணி ஐந்து கருப்பின வீரர்களோடு இறுதியாட்டத்தைத் தொடங்கி, வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கியை 72க்கு 65 என்று வென்றது. கூடைப்பந்தில் நிறத்தடை உடைந்த நாளாக அதைச் சொல்வார்கள். 2006இல் திரைப்படமும் வந்தது. அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் அதற்கு ஒன்பதாண்டுகள் முன்பே ஓர் அணி அதைச் செய்திருந்தது. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு: டெக்சஸ் வெஸ்டர்னின் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் வெள்ளையர். 1957இல் களத்தில் ஓடியவர்கள் மட்டுமல்லாமல், அருகே நின்று யோசித்தவரும் கருப்பினத்தவர். மக்கள் நினைவு முன்னதை ஏற்றுக்கொண்டது, பின்னதை விட்டுவிட்டது.

நைஸ்மித்தின் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழரங்கம் 1979இல் மக்லெண்டனைச் சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளராக அல்ல, பங்களிப்பாளர் என்ற பிரிவில். நிர்வாகிகளும் ஆதரவாளர்களும் இடம்பெறும் பிரிவு அது. மூன்று தேசியப் பட்டங்கள், முழுக்கள நெருக்கல், விரைவுப் பாய்ச்சல் எல்லாம் ஆட்டத்துக்குச் செய்த உதவிகளாகக் கருதப்பட்டன; ஆட்டத்தைப் பற்றிய சிந்தனையாகக் கருதப்படவில்லை. நைஸ்மித்தின் மாணவர் இதைப் பற்றி முறையிட்டுப் போராடியவராகத் தெரியவில்லை.

டர்ஹம் ஆட்டத்தை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1996இல், ஸ்காட் எல்ஸ்வர்த் என்ற வரலாற்றாசிரியர் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். அப்போதுதான் ஊரறிந்தது. 1999 அக்டோபரில் மக்லெண்டன் மறைந்தார். 2016இல் புகழரங்கம் அவரை இரண்டாம் முறை சேர்த்தது, இம்முறை பயிற்சியாளராக.

அணி இன்னும் பாக்கியிருந்தது. என்.பி.ஏ.வில் இரண்டு பட்டங்கள் வென்று, பிறகு படித்து முனைவர் பட்டமும் பெற்ற டிக் பார்னெட், தன் பழைய கல்லூரி அணியைப் புகழரங்கம் ஏற்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டும் ஆட்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். 2019இல் ஏற்றார்கள். தேசிய வாகையரை வெள்ளை மாளிகைக்கு அழைக்கும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. 1957இன் வாகையருக்கு அந்த அழைப்பு 2024 ஏப்ரலில் வந்தது. எஞ்சியிருந்த சில முதியவர்களோடு பார்னெட்டும் போனார். அப்போது அவருக்கு 87 வயது. அடுத்த ஏப்ரலில் இறந்தார்.